வற்றியதா, தீர்ந்ததா? வளக்குறைவுக்கு ஆங்கிலத்திலும் போர்த்துகீசியத்திலும் சொல் தேரும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்தபடி, போர்த்துகீசியம் வழங்கும் மொசாம்பிக்கின் தலைநகரான மபூட்டோவுக்குக் கடிதமும் அறிக்கையும் எழுத வேண்டியிருக்கும் நம்மவர்கள், ஒரு வளம் குறைந்துபோனதைச் சொல்லும் இடம் வந்தால், அகராதியைத் திறக்கும் முன் அதைத் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அணை வற்றுகிறது, அரிசி தீர்கிறது, மண் வளம் குன்றுகிறது, உயிரினம் அருகுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரு மொழிகளிலும் சொல் தவறாது.

ஆங்கிலத்தில் 'டிப்ளீட்டட்' என்றால் பெருமளவு குறைந்துவிட்டது என்று பொருள். அடியோடு தீர்ந்ததற்கு 'எக்ஸாஸ்டட்' இருக்கிறது. 2018-இல் கேப் டவுன் மக்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் தண்ணீரில் காலம் தள்ளியபோது அணைகள் 'டிப்ளீட்டட்' ஆகியிருந்தன. தண்ணீர் தீர்ந்து குழாய்களை அடைக்க நேரும் என்று அஞ்சிய நாள் வராமலே போனதால், 'எக்ஸாஸ்டட்' என்று எழுதுவது பிழை. 'ஸ்கேர்ஸ்' என்பது தட்டுப்பாடு மட்டுமே. முன்பு நிறைய இருந்தது என்ற செய்தி அதில் இல்லை.

போர்த்துகீசியத்தில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். 'எஷ்குத்தாது' என்ற சொல்லுக்குள், துளியைக் குறிக்கும் 'கோத்தா' இருக்கிறது. கடைசித் துளி வரை வடிந்துவிட்டது என்பதே அதன் அடிப்பொருள். சாக்கடைக்கு 'எஷ்கோத்து' என்ற பெயர் வந்ததும் இவ்வழியில்தான். டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தாலும், மனிதர் ஓய்ந்துபோனாலும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஒருமுறை கரும்பு நிலத்தைப் பற்றிய அறிக்கையில், 'டிப்ளீட்டட்' என்று இருந்த இடத்தில் யோசிக்காமல் 'எஷ்குத்தாது' என்று எழுதிவிட்டேன். அங்கிருந்து உடனே, இனி அந்த மண்ணில் எதுவுமே விளையாதா என்று கேட்டு மறுமொழி வந்தது. வளம் குன்றிய மண்ணுக்கு, ஏழையாகிவிட்டது என்று பொருள்படும் 'எம்புப்ரெசீது' என்பதை எழுதியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'டிப்ளீட்டட் யுரேனியம்' எனப்படுவதற்கும் அவர்கள் இந்தச் சொல்லையே வழங்குகிறார்கள்.

தென்னாப்பிரிக்கா, எஸ்வாத்தினி, மொசாம்பிக் ஆகிய மூன்று நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் இன்கொமாத்தி ஆற்றில் நீர் போதாமையைப் பற்றி எழுதும்போது 'எஷ்கசேஷ்', அதாவது தட்டுப்பாடு, என்பதே பொருந்தும். பேச்சில் கடைக்காரர் 'அக்கபோ' என்றால், சரக்கு தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்; அறிக்கையில் அதை எழுத வேண்டாம். எந்தச் சொல் என்ற ஐயம் தீராவிட்டால், அணையில் எத்தனை விழுக்காடு நீர் எஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணால் எழுதிவிடுங்கள்.