தெரபி மையத்திலிருந்து பால்வாடிக்கு: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

"சித்திரைத் திருவிழா முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று, வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள குழந்தையைப் பால்வாடியிலோ பள்ளியிலோ சேர்க்கும் வேலையைத் தள்ளிப்போடுவதில்தான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது. அழகர் மலைக்குத் திரும்பும்போது பள்ளி திறக்கச் சில வாரங்களே மிச்சமிருக்கும். அதற்குள் மதிப்பீடு, சான்று, பள்ளி பார்ப்பது எல்லாம் நடக்காது. ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இணையத்தில் வரும் அமெரிக்க வீடியோக்களை அப்படியே நம்ப வேண்டாம். அங்கே குழந்தையின் 3-வது பிறந்தநாளுக்குள் பள்ளிக்கான கல்வித் திட்டம் தயாராக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே அப்படிக் கெடு கிடையாது. கோப்பு தானாக நகராது. மதுரை ராஜாஜி மருத்துவமனையில், வளர்ச்சிக் குறையை முன்கூட்டியே கண்டறிந்து சிகிச்சை தரும் இடையீட்டு மையம் சுகாதாரத் துறை. ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. பால்வாடி சமூக நலத்துறை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர் இருக்கும் வட்டார வள மையம் பள்ளிக்கல்வித் துறை. நான்கு துறைகளுக்கும் நடுவில் கோப்பைச் சுமக்கும் ஆள் நீங்கள்தான். அது தெரியாமல் "மையத்துல சொல்லிருப்பாங்க" என்று இருந்துவிடுகிறோம். மேலூரோ உசிலம்பட்டியோ, உங்கள் வட்டார வள மையத்தில் குழந்தையின் பெயரை முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

அடுத்தது சான்று. 5 வயதுக்குள் வளர்ச்சித் தாமதம் என்று தரப்படும் சான்று தற்காலிகமானது. 5 முடிந்ததும் மறுமதிப்பீடு உண்டு. அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிட்டு, கெடு முடிந்த பிறகு எடுத்துப் பார்ப்பவர்கள் நிறைய. பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். "மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்தால்தான் சேர்ப்போம்" என்று பள்ளியில் சொன்னால் ஒப்புக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு.

"பேச்சு வரட்டும், அப்புறம் பள்ளிக்கூடம்" என்று காத்திருப்பது எங்கள் கணக்கில் பெரிய தவறு. பிற பிள்ளைகளோடு பழகும் இடம்தான் பேச்சுக்குத் தேவைப்படுகிறது. அதுவரை தண்ணீர், ஒண்ணுக்கு, போதும், வலிக்குது என்று நான்கு படஅட்டைகள் போதும். வீட்டிலும் வகுப்பிலும் அதே அட்டைகள் இருக்க வேண்டும்.

கோடை முழுக்க ஏ, பி, சி, டி ஒப்பிக்க வைப்பார்கள். ஆனால் முதல் வாரத்தில் குழந்தை தடுமாறுவது டிபன் பாக்ஸ் மூடியில். பள்ளிக்கு வாங்கப்போகும் அதே டப்பா, அதே தண்ணீர் பாட்டிலை ஏப்ரலிலேயே வாங்கிப் பழக்குங்கள். பட்டன் டிரவுசருக்குப் பதில் எலாஸ்டிக். பாயில் உட்கார்வதை 2 நிமிடத்தில் தொடங்கி, சில நாளுக்கு ஒரு நிமிடமாகக் கூட்டி, 10-க்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் "ஆய்", பள்ளியில் "டாய்லெட்" என்று இருந்தால் குழந்தைக்கு எப்படிப் புரியும்? டீச்சரிடம் பேசி ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

குறையை மறைத்துச் சேர்ப்பவர்களும் உண்டு. தடிமனான மருத்துவக் கோப்பை அப்படியே டீச்சர் மேசையில் வைப்பவர்களும் உண்டு. இரண்டாலும் பயனில்லை. ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்தச் சத்தம் மிரட்டும், அழுகை வரப்போவது எப்படித் தெரியும், எது அமைதிப்படுத்தும், என்ன மருந்து, எத்தனை மணிக்கு. வலிப்பு வரும் குழந்தையென்றால் இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், 5 நிமிடம் தாண்டினால் 108. கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அதனால் வலிப்பு நிற்காது என்பதையும் ஆயாவிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

முதல் நாளே முழுநேரம் விடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் கூட்டலாம். குழந்தை விளையாடும்போது நைசாக நழுவி வருவது மறுநாள் அழுகையை இரட்டிப்பாக்கும். சொல்லிவிட்டு, கையசைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பள்ளியில் சேர்ந்ததும் தெரபியை ஒரேயடியாக நிறுத்துவதுதான் ஆறு மாதம் கழித்து வலிக்கும் தவறு. மாட்டுத்தாவணி வரை பஸ்ஸில் வந்துபோகும் அலைச்சல் புரிகிறது. வாரம் மூன்று நாள் என்பதை ஒன்றாகக் குறையுங்கள், பூஜ்யமாக்க வேண்டாம். மூளை முடக்குவாதக் குழந்தைக்குத் தசை மறுபடி இறுகும். குழந்தை வளர வளர காலை நேராகத் தாங்கும் ஸ்பிளிண்ட்டும் பத்தாமல் போகும். வகுப்பு நாற்காலியில் கால் தொங்கினால் உடம்பு சரியும், கை எழுதாது. பாதம் பதிய ஒரு மணை கொடுத்தனுப்புங்கள். காதுக் கருவி போடும் பிள்ளையின் பையில் மாற்று பேட்டரி இருக்கட்டும்.

சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 40 பக்க நோட்டு ஒன்றைப் பையில் போடுங்கள். டீச்சரும் பயிற்றுநரும் தெரபிஸ்டும் ஆளுக்கு இரண்டு வரி எழுதினால் போதும்.