டெபுஸ்ஸியின் ‘லா மேர்’: தூங்காமல் கேட்டு முடிப்பது எப்படி?

‘லா மேர்’ (கடல்) என்பது பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி பெரிய இசைக்குழுவுக்காக எழுதிய மூன்று பகுதி இசை. இரண்டு தடவை கேட்கப்போய் இரண்டு தடவையும் தூங்கிவிட்டேன். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது, அதனால் இந்தப் பதிவு.

முதலில், கைபேசி ஸ்பீக்கர் வேண்டாம். தொடக்கத்தில் வருவது டிம்பனி என்ற பெரிய முரசின் மெல்லிய உருட்டல், டபுள் பாஸ் என்ற பெரிய வில்வாத்தியத்தின் அடி ஸ்வரம், யாழ் போன்ற ஹார்ப். எதுவும் காதில் விழாமல் நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போக, முதல் பகுதி முடிவில் ட்ரம்பெட் போன்ற பித்தளைக் கருவிகள் எழுந்தபோது அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். காதை மூடும் ஹெட்போன் போட்டு, முதல் பகுதியின் கடைசி நிமிடத்துக்குத் தாவி, அங்கே தாங்கும் அளவுக்கு ஒலியை வைத்துக்கொண்டு, பிறகு ஆரம்பத்துக்கு வாருங்கள். அப்புறம் தொடவே கூடாது.

எந்த ஒலிப்பதிவு? என் ஓட்டு நடத்துநர் பியர் பூலெஸ் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் இசைக்குழுவை நடத்தியதற்கு. ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கும். ஷஃபிளை அணைத்துவிடுங்கள், மூன்று பகுதிகளும் வரிசையாக வரவேண்டும், மொத்தம் 24 நிமிடம் போல.

சரி, நான் சறுக்கிய இடம். பல்லவி எங்கே, எது திரும்பி வரும் என்று தேடிக்கொண்டே இருந்தேன். அப்படிப் பாடிக்காட்டக்கூடிய நீளமான மெட்டு இதில் சட்டென்று கிடைக்காது, கிடைப்பதெல்லாம் துணுக்குகள். அதனால் ஒரே ஒரு துணுக்கைப் பிடியுங்கள்: ஆரம்ப இருட்டிலேயே இங்கிலீஷ் ஹார்ன் என்ற மரக்குழலும், ஒலி மங்க வாய் அடைத்த ட்ரம்பெட்டும் சேர்ந்து வாசிக்கும் சின்ன அழைப்பு. கேட்டதும் நிறுத்தி, பின்னால் போய் இன்னும் இரண்டு முறை கேளுங்கள், கூச்சப்படவே வேண்டாம். மூன்றாம் பகுதியில் காற்றும் கடலும் உறுமத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அதே அழைப்பு ட்ரம்பெட்டில் திரும்பி வரும், அதை அடையாளம் கண்ட அன்றுதான் எனக்குத் தூக்கம் போனது.

இன்னொரு அடையாளம், முதல் பகுதியில் நான்கரை நிமிடத்தை ஒட்டி செல்லோக்கள் (வயலினைவிடப் பெரிய, ஆழ்ந்த குரல் வில்வாத்தியம்) மட்டும் கூட்டமாகப் புறப்படும் இடம். டெபுஸ்ஸி 16 செல்லோ கேட்டிருக்கிறார், பல இசைக்குழுக்களில் அத்தனை பேர் இருப்பதில்லை. அந்தப் பகுதியின் பெயர் ‘விடியலிலிருந்து நண்பகல் வரை கடலில்’. அந்தப் பெயரை வைத்தே, பத்தே முக்கால் மணிக்கு வரும் இடம் ரொம்பப் பிடித்தது என்று சக இசையமைப்பாளர் எரிக் சாட்டி கிண்டலடித்ததாகக் கதை உண்டு.

இரண்டாம் பகுதி ‘அலைகளின் விளையாட்டு’. இதில் எதையும் பிடிக்க முயலாதீர்கள், போகட்டும்.

கடலோரம் உட்கார்ந்து எழுதியது என்று நினைத்திருந்தேன். 1903இல் அவர் தொடங்கியதோ பிரான்ஸில் கடலே இல்லாத பர்கண்டி வட்டாரத்தில். 1905இல் வேலையை முடிக்கும் சமயத்தில்தான் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் கடற்கரைக்குப் போனார். அச்சான இசைப்பிரதியின் அட்டையிலும் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் அலைதான்.

பின்சேர்க்கை: “முடிவு நெருங்கும்போது என் ஒலிப்பதிவில் ட்ரம்பெட் முழங்குகிறது, நீங்கள் சொன்ன ஒலிப்பதிவில் காணோமே” என்று ஒருவர் கேட்டிருந்தார். உங்கள் காது சரிதான். 1905 பதிப்பில் இருந்த அந்தச் சில முழக்கங்களை 1909 திருத்தத்தில் டெபுஸ்ஸியே எடுத்துவிட்டார், சில நடத்துநர்கள் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இல்லாததுதான் பிடிக்கும்.