வேதாரண்யம் – கோடியக்கரை: ஒரு நாளில் பார்க்க

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு ஏறத்தாழ 10 கி.மீ. பலரும் நேரே கடற்கரைக்கு ஓட்டிவிடுகிறார்கள். வழியில் வரும் அகஸ்தியம்பள்ளியைத் தவறவிடாதீர்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டு நடந்துவந்த ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 30-இல் உப்பெடுத்ததன் நினைவுத்தூண் அங்கேதான் நிற்கிறது.

பருவம்தான் முக்கியம். பூநாரைகள் மழைக்காலத்தையொட்டி வந்து குளிர் முடியும்வரை இருக்கும். உப்பளத்தில் உப்பு வாருவதோ வெயில் காலத்தில். இரண்டும் கிடைக்க வேண்டுமானால் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம்தான் நல்லது. மழை பெய்தபின் சதுப்புக்குள் வண்டியை இறக்காதீர்கள், சக்கரம் புதைந்துவிடும்.

வெளிமான்கள் வெட்டவெளிப் புல்தரையில் மேய்வது காலையிலும் மாலையிலும்தான். நண்பகலில் வந்துவிட்டு 'ஒன்றுமே இல்லை' என்று திரும்புகிறவர்கள் அதிகம். அந்த நேரத்தை ராமர் பாதத்துக்கு வையுங்கள். மணல்மேடுதான், ஆனால் சுற்றுவட்டாரத்தில் அதுவே உயரம்.

கலங்கரை விளக்கம் என்று வழி கேட்டால் இப்போது எரியும் விளக்கைக் காட்டுவார்கள். கரையோரத்துப் பழைய சிதிலத்தைப் பார்க்க 'சோழர் கலங்கரை விளக்கம்' என்றே கேளுங்கள். 2004 சுனாமிக்குப்பின் அதில் எஞ்சியது கொஞ்சம்தான். செங்கற்கள் மேல் தயவுசெய்து ஏறாதீர்கள்.