சாங்ஷன் கடிதம் வந்தபின் செய்யும் தவறுகள்

பிரித்தானியாவில் வேலையிழந்து யூனிவர்சல் கிரெடிட் (அரசு தரும் உதவிப்பணம்) எடுக்கும் நம்மவர்கள், அந்தப் பணத்தைத் தண்டனையாக வெட்டும் சாங்ஷன் கடிதம் வந்து உதவி கேட்டு வரும்போது, பெரும்பாலும் ஒரே தவறுகளைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு காலத்தில் நாங்களும் செய்தவைதான். பெயர், பிறந்த தேதியைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுவோம். கைக்காசை இழக்க வைப்பவை மட்டும் இங்கே.

வாயால் சொல்லிவிட்டு வருவது

"வேர்க் கோச்சிட்ட சொன்னனான், பாக்கிறன் எண்டவர்." வேர்க் கோச் என்பவர் ஜாப் சென்டரில் (அரசு வேலைவாய்ப்பு நிலையம்) உங்களைக் கவனிக்கும் அலுவலர். அவர் சொன்னதை நம்பி ஒரு மாதம் போய்விடும். அந்த ஒரு மாதம்தான் சாங்ஷனை எதிர்க்க உங்களுக்குச் சட்டம் தந்த நேரம். அதுவும் முடிவுக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து எண்ணப்படும், நீங்கள் வாசித்த நாளிலிருந்து அல்ல.

முதற்படி மீள்பரிசீலனை, அதாவது அந்த முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்வது. போனிலும் கேட்கலாம்தான், ஆனால் கேட்டதற்கு உங்கள் கையில் சாட்சி இருக்காது. உங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் உள்ள ஆன்லைன் ஜர்னலில் எழுதுங்கள். மீள்பரிசீலனைக்கான ஆங்கிலப் பெயரான ‘மேண்டட்டரி ரீகன்சிடரேஷன்’ என்ற சொல்லையே போடுங்கள், எந்தத் தேதி முடிவு என்று குறிப்பிடுங்கள், அனுப்பியதும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "எனக்கு இப்படிச் செய்தது அநியாயம்" என்று மட்டும் எழுதினால் அதை வெறும் முறைப்பாடாகப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மாதம் தாண்டிவிட்டதா? தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து 13 மாதம் வரை கேட்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்தது, வீட்டில் மரணம் நடந்தது எல்லாம் காரணம்தான். காரணத்தோடு கேளுங்கள்.

முதல் ‘இல்லை’யோடு நின்றுவிடுவது

இத்தனை வருடம் பார்த்தும் இன்னும் பொறுக்க முடியாத தவறு இதுதான்.

அடிக்கடி வரும் கதை இப்படி இருக்கும். கடையிலோ கிடங்கிலோ வேலை. சம்பளம் இரண்டு தடவை குறைந்து வருகிறது, கேட்டால் மேலாளர் கத்துகிறார், ஒருநாள் வேலை செய்தவர் வேலையை விட்டுவிடுகிறார். முதலாளி ‘தானாக விலகினார்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கிறார். ஜாப் சென்டர் உயர்நிலை சாங்ஷன் (மிகக் கடுமையான வகை) போடுகிறது. முதல் தடவைக்கு 91 நாள், அடுத்ததற்கு 182 நாள். தனியாள், 25 வயதோ அதற்கு மேலோ என்றால், 2025–26 கணக்கில் நாளுக்கு ஏறக்குறைய 13 பவுண்ட்ஸ் போகிறது. 91 நாளுக்கு 1,190 பவுண்ட்ஸ் அளவில். வேலையை விட்டவர் மீள்பரிசீலனை கேட்கிறார். சில வாரம் கழித்து "முடிவை மாற்றவில்லை" என்று கடிதம் வருகிறது. அரசாங்கமே சொல்லிவிட்டதே என்று அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்.

அந்தக் கடிதத்தை எழுதியது முதல் முடிவை எடுத்த அதே திணைக்களம், ஜாப் சென்டரை நடத்தும் டிடபிள்யூபி. அப்பீலைக் கேட்பது வேறு இடம், முதல்நிலைத் தீர்ப்பாயம். ஒரு நீதிபதி உட்கார்ந்து உங்களிடமே நேராகக் கேள்வி கேட்பார். மடித்து வைத்த அந்தக் கடிதம்தான் அங்கே போவதற்கான நுழைவுச்சீட்டு. அது இல்லாமல் பொதுவாக அப்பீலை எடுக்கமாட்டார்கள், அதன் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் போடலாம், அல்லது எஸ்எஸ்சிஎஸ்1 படிவத்தில் எழுதி அனுப்பலாம். கட்டணம் ஒரு பென்னியும் இல்லை. "எதிர்த்தால் உள்ளதையும் நிறுத்திவிடுவார்கள்" என்று பயந்து விடுகிறவர்கள் நிறையப் பேர். அப்பீல் போட்டதற்காக யாருடைய பணத்தையும் நிறுத்த முடியாது.

படிவத்தில் கஷ்டத்தை மட்டும் எழுதாதீர்கள். நீதிபதி தேடுவது ‘நல்ல காரணம்’ இருந்ததா என்பதை. வேலையை விட்ட வழக்கில் சம்பளச் சிட்டைகள், மேலாளருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் தேதியோடு, டாக்டரிடம் போயிருந்தால் அந்தப் பதிவு, விடுவதற்கு முன் பிரச்சினையைத் தீர்க்க என்ன முயன்றீர்கள் என்பது. சந்திப்புக்குப் போகாத வழக்கில் முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சந்திப்பை உங்களுக்கு ஒழுங்காக அறிவித்தார்களா என்பது. அப்பீலுக்குப் பதில் தரத் திணைக்களத்துக்கு 28 நாள் உண்டு, அப்போது ஒரு கட்டுக் காகிதம் வரும். அதில் அறிவித்ததற்கான பதிவு இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கச் சொல்லும் பெட்டியில் டிக் போடாதீர்கள். நேரிலோ வீடியோவிலோ போனிலோ பேசுங்கள். எழுத்துச் சாட்சி இல்லாவிட்டாலும், நீங்கள் சொல்வதை நம்பி நீதிபதி தீர்ப்புத் தரலாம். ஆங்கிலம் தடுமாறினால் படிவத்திலேயே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், இலவசம். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்றும் எழுதுங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க விட நினைக்க வேண்டாம்.

எதிர்க்கிறேன் என்று ஜாப் சென்டர் போகாமல் விடுவது

சந்திப்பைத் தவறவிட்டதற்கான சாங்ஷன், நீங்கள் மறுபடி போய்ச் சொன்னதைச் செய்யும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் முதல் தடவை 7 நாள், பிறகு 14, பிறகு 28. ஒரு பக்கம் அப்பீல் நடக்கட்டும், மறுபக்கம் சந்திப்புக்குப் போங்கள்.

கோபத்தில் யூனிவர்சல் கிரெடிட் கணக்கை மூடுவது

மூடாதீர்கள்.

ஹார்ட்ஷிப் பணத்தை இலவசம் என்று நினைப்பது

சாங்ஷனால் செலவுக்குக் காசில்லாமல் தவிப்பவர்கள் கேட்கக்கூடிய பணம் இது. வெட்டியதில் 60 வீதம் கிடைக்கும். அது கடன். ஒவ்வொரு கொடுப்பனவுக் காலத்துக்கும் புதிதாகக் கேட்க வேண்டும்.

உதவுபவருக்குச் சம்மதம் எழுதாமல் விடுவது

சிட்டிசன்ஸ் அட்வைஸ் (இலவச ஆலோசனை தரும் அமைப்பு) ஆள் உங்களுக்காகப் பேச வேண்டுமானால், யாருக்கு, எந்த விஷயத்துக்கு என்று ஜர்னலில் நீங்களே எழுத வேண்டும்.

விசாவைப் பார்க்காமல் விண்ணப்பிப்பது

விசாவில் ‘நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (பொது நிதி எடுக்கக்கூடாது) என்று இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் எடுப்பது விசாவையே பாதிக்கும். கவுன்சில் (உள்ளூராட்சி சபை) தரும் அவசரப் பணமும் பொது நிதியாகக் கணக்கில் வரலாம், ஆலோசகரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஆனால் நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏ (வேலை தேடுபவருக்கான உதவிப்பணம்) வேறு. அது சம்பளத்திலிருந்து நீங்கள் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸுக்காக வருவது, பொது நிதி அல்ல. வேலை விசாவில் சில வருடம் உழைத்துவிட்டு வேலையிழந்தவர்கள் இது தெரியாமல் ஆறு மாதம் வரை கிடைக்கக்கூடிய பணத்தை விட்டுவிடுகிறார்கள். உணவு வங்கிப் பொதியும் பொது நிதி அல்ல.

கவுன்சில் தானாகத் தரும் என்று காத்திருப்பது

யூனிவர்சல் கிரெடிட்டுக்குள் கவுன்சில் டாக்ஸுக்கான (கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி) உதவி இல்லை. அந்த வரியில் குறைப்பைக் கவுன்சிலிடம் தனியாகக் கேட்க வேண்டும், நாள் கடத்தினால் அந்த நாட்களுக்கான பணம் போகலாம்.

அவசர உதவிக்கு முன்பிருந்த க்ரைசிஸ் லோன் 2013 ஏப்ரலில் நின்றது. அதன்பின் இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒவ்வொரு திட்டம், ஒவ்வொரு பெயர். 2021இல் வந்த ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்டுக்குப் பதிலாக 2026 ஏப்ரலிலிருந்து க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்ததே என்று அவர் சொன்ன பெயரில் தேடாதீர்கள், உங்கள் கவுன்சில் தளத்தில் ‘லோக்கல் வெல்ஃபேர் அசிஸ்டன்ஸ்’ என்று தேடுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையும் சாங்ஷன் கடிதமும் தயாராக இருக்கட்டும். காசாகவே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், வவுச்சராகவோ அடுப்பு, கட்டில் போன்ற பொருளாகவோ வரலாம். மறுத்தால் கவுன்சிலுக்குள்ளேயே மறுபரிசீலனை கேளுங்கள்.

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் தெளிவு. ஸ்கொட்டிஷ் வெல்ஃபேர் ஃபண்டில் க்ரைசிஸ் கிராண்ட் கேட்டால் அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் 20 வேலை நாளுக்குள் மறுபரிசீலனை, அதிலும் மறுத்தால் ஸ்கொட்லாந்து பொதுச் சேவைகள் ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி) போகலாம். வேல்ஸில் டிஸ்கிரிஷனரி அசிஸ்டன்ஸ் ஃபண்ட், வட அயர்லாந்தில் டிஸ்கிரிஷனரி சப்போர்ட் என்று கேளுங்கள்.