ஐ.பி. வழக்கில் ரிசீவரா? சொந்தக் காசு போகாமல் கோர்ட்டில் பாதுகாப்பு வாங்குவது எப்படி

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் மஞ்சக் கடுதாசி கொடுத்தார்; அதாவது கடனைக் கட்ட முடியவில்லை என்று ஐ.பி. (நொடிப்பு மனு) போட்டார். அவர் சொத்தைப் பொறுப்பேற்று விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவராகக் கோர்ட்டில் என்னைப் போட்டார்கள். காவேரிப்பட்டணம் பக்கம் அவர் தோப்பில் பெங்களூரா ரக மாங்காய் பறிப்புக்கு நின்றது. அந்த சீசனில் நான் பட்ட பாட்டை இளம் வக்கீல்கள் யாரும் படக்கூடாது. ஐ.பி. மனு எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்; நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: ரிசீவர் வேலைக்கு ஈடாகக் கோர்ட் ஜாமீன் கேட்டிருந்தால் கட்டுங்கள். தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வரவு செலவை நான் எக்செல்லில் வைப்பதில்லை. அன்றன்று பேனாவால் எழுதிய நாள்வழி நோட்டு, அடிக்கட்டையுள்ள ரசீதுப் புத்தகம், இந்த இரண்டும்தான் விசாரணையில் நிற்கும்.

படி 2: எதில் கையெழுத்துப் போட்டாலும் வழக்கு எண்ணோடு 'ரிசீவர்' என்று எழுதுங்கள். 'பணம் சொத்திலிருந்து மட்டுமே தரப்படும், எனக்குச் சொந்தப் பொறுப்பில்லை' என்ற வரியும் வேண்டும். இல்லாவிட்டால் பறிப்புக் கூலிக்கும் லாரி வாடகைக்கும் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

படி 3: நான் சறுக்கியது இங்கேதான். 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம் பிரிவு 59-ன்படி சொத்தை விற்கத் தனி அனுமதி வேண்டாம். ஆனால் வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்த, வழக்குப் போட, வக்கீல் வைக்க, அடமானம் வைக்க கோர்ட் அனுமதி வேண்டும். பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி விற்பதற்கும் வேண்டும்! மாங்கூழ் ஆலைக்குக் காய் ஏற்றினால் பணம் பின்னால்தான் வரும் என்பது நம் ஊர் வழக்கம். காய் பழுத்து உதிர்கிறதே என்று நானும் அப்படியே ஏற்றிவிட்டேன். பணம் இழுத்தடித்தது. மண்டிக்காரருக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர், ரிசீவர் செய்ததை எதிர்க்கும் பிரிவு 68-ல் மனு போட்டு, நஷ்டத்தை என்னிடம் வசூலிக்கக் கேட்டார். பிரிவு 56(4)-ன்படி ரிசீவரின் சொந்தச் சொத்தையே ஜப்தி செய்யலாம். எத்தனையோ இரவுகள் தூக்கமில்லை.

காப்பாற்றியதும் அதே பிரிவுதான். வேண்டுமென்றே செய்த தவறோ, பெரும் கவனக்குறைவோ இருந்தால்தான் நஷ்டம் நம் தலையில் விழும். அன்றைய மண்டி விலைச் சீட்டு, மூன்று பேரிடம் கேட்ட விலை, எடைச் சீட்டு, காயின் போட்டோ எல்லாவற்றையும் தாக்கல் செய்தேன். கோர்ட் விற்பனையை ஏற்றுக்கொண்டது.

படி 4: காய் ஏற்றும் முன்பே அனுமதி கேட்டு மனு போடுங்கள்; அந்த உத்தரவுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. அழுகும் பொருள் என்பதை அபிடவிட்டின் முதல் பத்தியிலேயே சொல்லி, அவசரமாக விசாரணைக்கு எடுக்கக் கேளுங்கள். 'பாதுகாப்பு வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. யாருக்கு, எத்தனை டன், என்ன விலைக்கு, எத்தனை நாள் தவணையில், என்ன ஈட்டின் பேரில் என்று எழுதுங்கள். செலவைச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளவும் அதே மனுவில் கேளுங்கள்.

பிற்சேர்க்கை: தர்மபுரியிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, லாரிக்காரர் என் மேலேயே கேஸ் போட்டுட்டாரு, என்ன செய்ய?" நியமித்த கோர்ட்டின் அனுமதியில்லாமல் ரிசீவர் மேல் வழக்குப் போடக்கூடாது. எவரெஸ்ட் கோல் வழக்கில் 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆனால் வழக்கு முடிவதற்குள் அவர் அனுமதி வாங்கிவிட்டால் அந்த ஆட்சேபணை போய்விடும். அதனால் சம்மன் வந்த வாரமே நியமித்த கோர்ட்டுக்கு ரிப்போர்ட் கொடுங்கள், தம்பி.