இழுபெட்டிக்கு மேல் ஒரு படங்கு

பொத்துவில் காக்கா கொத்து ரொட்டி விற்கிற லொறியில், பக்கவாட்டில் வெளியே வரும் பெட்டிக்கு மேல் நான் மூன்று முறை கூரைத்துணி போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் இரண்டும் என் பிழையால் போனவை. மூன்றாவது அறுகம்குடாவில் இரண்டாவது சீசனாக நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, 'நாங்களும் அப்படி ஒரு வண்டி கட்டப்போகிறோம், மேலே என்ன போடலாம்?' என்று மட்டக்களப்பில் என் குஷன் கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக் களைத்துப்போனதால் இதை எழுதி வைக்கிறேன்.

இழுபெட்டி என்பது நான் வைத்த பெயர். கனடாவில் இருக்கும் என் மச்சான் அதை ஸ்லைட்-அவுட் என்பான். அவன் கோடை விடுமுறைக்கு இழுத்துக்கொண்டு போகிற ட்ரெய்லர் வீட்டில், நிறுத்திய பிறகு பக்கச் சுவரின் ஒரு பகுதி மேசை லாச்சி போல வெளியே வரும். உள்ளே இரண்டு மூன்று அடி இடம் கூடும். புறப்படும்போது உள்ளே தள்ளிவிடுவான். காக்கா அந்த வீடியோவை என் போனில் பார்த்தார். "தம்பி, கொத்துத் தட்டை அந்த லாச்சிக்குள்ள வச்சா எனக்கு உள்ள நிக்க இடம் வருமே" என்றார். கராஜ்காரர் பெட்டியைக் கட்டினார். கூரை என் தலையில் விழுந்தது.

பலர் இந்தக் கூரைத்துணி நிழலுக்கு என்று நினைக்கிறார்கள். நிழல் கிடைக்கும்தான், ஆனால் வேலை அது அல்ல. வெளியே வந்த பெட்டியின் கூரை தட்டையாக இருக்கும். அதன் மேல் விழுவது எல்லாம் பெட்டியோடு சேர்ந்து உள்ளே வரப் பார்க்கும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் நாக்கு கொஞ்சத்தை வழித்துவிடும், எல்லாவற்றையும் அல்ல. கல்லடிக் கடற்கரையில் சவுக்கு மரத்தடியில் ஒரு நாள் வண்டியை நிறுத்திப் பாருங்கள். சவுக்கு இலை ஊசி ஊசியாக விழுந்து, ரப்பருக்கு அடியில் படுத்துக்கொள்ளும். பெட்டியைத் தள்ளும்போது அது ரப்பரை மேலே தூக்கும். அந்த மயிரிழை இடைவெளியால்தான் அடுத்த மழை உள்ளே வரும். ஈரமும் மணலும் சேர்ந்தால் ரப்பர் ஒரு வருடத்தில் கிழியும். பெட்டியின் கூரையைக் காயவும் சுத்தமாகவும் வைத்திருக்கத்தான் இந்தத் துணி.

சரி, எந்தத் துணி? வயலில் நெல் காயப்போடுகிற நீலப் படங்கை முதலில் ஒதுக்குங்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். நம் வெயிலில் சில மாதத்திலேயே நார் நாராக உதிரும், கண் வளையம் கழன்று வரும். நிழல் வலை மழைக்கு ஒன்றுக்கும் உதவாது. மிச்சம் இரண்டு. ஒன்று, பொலியெஸ்டர் நெசவின் இரு பக்கமும் பீவீசீ பூசிய லொறிப் படங்கு. மற்றது, அக்ரிலிக் நூலில் நெய்த கன்வஸ். அக்ரிலிக் அழகானது, நிறம் மங்காது, மூச்சு விடும். ஆனால் அதன் மேல் தண்ணீர் தேங்கி நின்றால் மெல்லக் கசியும். கடை வாசலில் நல்ல சரிவாகப் போடுகிற மறைப்புக்கு அதை நான் மறுக்கமாட்டேன். இழுபெட்டிக்கு மேல் அவ்வளவு சரிவு கிடைக்காது, அதனால் பீவீசீதான். சதுர மீற்றருக்கு 500 முதல் 600 கிராம் எடையுள்ளது போதும். அதைவிடத் தடித்தால், பெட்டி உள்ளே போகும்போது துணி சுற்றிக்கொள்கிற உருளையில் அழகாகச் சுருளாது.

வாங்கும்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்பதைவிட விரலை நம்புங்கள். ஒரு மூலையை நன்றாக மடித்து நகத்தால் அழுத்தி, விரித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு வெடித்தால் பூச்சு மட்டம். வெட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டினால் பூச்சு தோல் போல உரியக்கூடாது. நிறம் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல். காக்கா முதலில் கறுப்பு கேட்டார், எண்ணெய்க் கறை தெரியாது என்று. அந்தப் பெட்டிக்குள் கொத்துத் தட்டு வேறு எரிகிறது. கறுப்பைப் போட்டிருந்தால் மனிதர் வெந்திருப்பார்.

அளவு எடுப்பதற்குப் பெட்டியை முழுதாக வெளியே இழுத்துவிடுங்கள். காக்காவின் பெட்டி 8 அடி அகலம், இரண்டரை அடி வெளியே வரும். பெட்டியின் முகத்தைச் சுற்றி, உள்ளே தள்ளும்போது சுவரில் வந்து ஒட்டுகிற விளிம்பு ஒன்று இருக்கும். உருளையைத் தாங்குகிற கைகள் அந்த விளிம்பில்தான் நிற்கும், ஆகவே விளிம்பு முனைக்கு முனை அளவுங்கள். துணி பெட்டியைவிட இரு பக்கமும் 3 அங்குலம் அகலமாக இருக்கட்டும், சொட்டுகிற தண்ணீர் ரப்பருக்கு அப்பால் விழவேண்டும். நீளத்துக்கு 30 அங்குலம் வெட்டினால் போதாது. பெட்டி முழுதாக வெளியே வந்த பிறகும் உருளையில் ஒன்றரைச் சுற்று மிச்சம் கிடக்கவேண்டும், இல்லாவிட்டால் இழுவை முழுவதும் தையலில் விழும். இரண்டரை அங்குல உருளைக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 8 அங்குலம். ஒன்றரைச் சுற்று 12, இரு ஓர மடிப்பும் 4, எல்லாம் கூட்டி 46, ஒரு அங்குலம் கூட வைத்து நான் 47 அங்குலம் வெட்டினேன்.

அடுத்தது சரிவு. என் முதல் கூரை போனது இங்கேதான். சுவரில் பிடிக்கிற சட்டத்தையும் வெளிப் பக்கத்து உருளையையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டேன். பார்க்க வெகு நேர்த்தி. மார்கழியில் ஒரு இரவு கல்லடியில் வண்டி நின்றது. இரண்டரை அடிக்கு எட்டடி என்றால் 20 சதுர அடி, 1.86 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர், ஒரு கிலோ. நம் வாடைக்கால மழை ஒரே இரவில் 50 மில்லிமீற்றர் கொட்டுவது புதினமில்லை. முழுவதும் தேங்கினால் 93 கிலோ, ஒரு வளர்ந்த ஆள் துணியில் ஏறிப் படுத்ததற்குச் சமம். விடியப் பார்த்தால் துணி கர்ப்பிணி வயிறு போலத் தொங்குகிறது, சட்டத்தின் ஒரு முனை ஸ்குரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. காக்கா ஏசவில்லை. பிளேன்ரீ ஊற்றித் தந்து, "மறுபடி செய்வம் தம்பி" என்றார். அது ஏச்சைவிட மோசம்.

இப்போது நான் இரண்டரை அடிக்கு 5 அங்குலம் இறக்கம் வைக்கிறேன். வண்டியின் உயரம் விட்டால் 6. அதோடு, வண்டியை நிறுத்தும்போது ஒரு பின் சக்கரத்தின் கீழ் பலகை வைத்து நீளவாட்டிலும் சிறு சாய்வு கொடுத்தால் தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடிவிடும். மச்சான் துணிக்கும் பெட்டிக்கும் நடுவில் காற்றடித்த கடற்கரைப் பந்து ஒன்றைச் செருகி, துணியை மேடாக்கிவைப்பான். அங்கே பலர் அப்படிச் செய்வார்களாம். காக்காவும் செய்தார். ஒரு நாள் மறந்து பெட்டியைத் தள்ளியிருக்கிறார். 'டப்' என்ற சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர்கூட ஓடி வந்தாராம்.

உருளையை நான் செய்வதில்லை. இரண்டாவது முறை சாதாரணக் குழாயும் கயிறும் வைத்துப் பார்த்தேன். பெட்டியைத் தள்ளும்போது ஒருவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், துணி கோணலாகச் சுருண்டு ஓரம் கிழிந்தது. உள்ளே ஸ்பிரிங் வைத்த உருளைதான் சரி. பெட்டி வெளியே போகும்போது தானாக விரியும், உள்ளே வரும்போது தானாகச் சுருளும். கனடா, அமெரிக்கா பக்கம் சொலேரா, கெயார்ஃப்ரீ, டொமெட்டிக் என்ற பெயர்களில் வருகிறது. மச்சான் ஒரு ஜோடிக் கைகளும் உருளையும் கடல் கார்கோ பெட்டியில் உடுப்புக்கு நடுவில் வைத்து அனுப்பினான். துணியை நான் இங்கே தைத்தேன்.

தையலுக்குப் பொலியெஸ்டர் நூல் மட்டும். பருத்தி நூல் நம் உப்புக் காற்றில் துணிக்கு முன்னால் உக்கிவிடும். தையலை நெருக்கிப் போட்டால் பலம் என்று என் கடைப் பொடியன் நினைத்தான். முத்திரை போல ஓட்டை வரிசை விழுந்து அந்தக் கோட்டிலேயே கிழியும். 4, 5 மில்லிமீற்றருக்கு ஒரு தையல் போதும். ஒட்டுத் துண்டு வைக்கவேண்டி வந்தால் ஒட்டு தண்ணீர் ஓடும் திசையிலேயே ஓடட்டும். குறுக்கே வரத்தான் வேண்டும் என்றால் ஓடு வேய்வது போல மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் ஏறவேண்டும்.

இனிப் பூட்டுவது. தகட்டில் மட்டும் ஸ்குரூ பிடித்தால் நிற்காது, உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தில் பிடிக்கவேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுங்கள். நூலில் கட்டி அலுமினியத் தகட்டின் மேல் மெல்ல நகர்த்தினால், சட்டம் இருக்கும் இடத்தில் காந்தம் சுவர்ப் பக்கம் சாயும். அங்கே பென்சில் புள்ளி. கோடு நேராக வரக் கொத்தனார் பாவிக்கிற தண்ணீர் ரியூப் போதும், ஆனால் முதலில் வண்டியே மட்டமாக நிற்கிறதா பாருங்கள்.

சுவரில் வரும் சட்டம் ஒரு பக்கம் வாய் திறந்த அலுமினியக் குழாய் மாதிரி இருக்கும். அதன் முதுகில் பியூட்டைல் ரேப் (தண்ணீர் புகாத ஒட்டு ரப்பர் நாடா) ஒட்டி, 6 அங்குலத்துக்கு ஒன்றாக ஸ்குரூ. கடலோரத்தில் நிற்கிற வண்டிக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், கிடைக்காவிட்டால் 304. துத்தநாகம் பூசிய சாதாரண ஸ்குரூ அடுத்த வருடமே துரு அழும். ஸ்டெயின்லெஸ் நேரடியாக அலுமினியத்தைத் தொட்டு உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபடும். அதனால் ஒவ்வொரு ஸ்குரூவையும் சீலன்ட்டில் (இடைவெளி அடைக்கிற பசை) தோய்த்துத்தான் முறுக்குகிறேன். சட்டத்தின் மேல் விளிம்பிலும் முனைகளிலும் பொலியூரத்தேன் சீலன்ட் பூசுங்கள். கீழ் விளிம்பைப் பூசவேண்டாம். எப்படியோ உள்ளே போன தண்ணீர் வெளியேற ஒரு வழி வேண்டுமே.

துணியின் மேல் ஓர மடிப்புக்குள் பிளாஸ்ரிக் கயிறு இருக்கும், அதைச் சட்டத்தின் வாயில் செருகி இழுக்கவேண்டும். அதற்கு முன் வாய் முனையை அரத்தால் மழுக்குங்கள். என் இரண்டாவது துணியில் முதல் கீறல் விழுந்ததே அந்தக் கூர் முனையில்தான். சவர்க்காரத் தண்ணீர் தடவினால் இலகுவாகப் போகும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உருளையைத் தாங்க, மற்றவர் இழுக்க. துணி நடுவுக்கு வந்ததும் சட்டத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு சிறு ஸ்குரூ போட்டுவிடுங்கள், பிறகு துணி பக்கவாட்டில் ஊர்ந்து போகாது.

ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் விளையாட்டு வேண்டாம். உருளையோடு வரும் தாளில் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று இருக்கும். அத்தனைதான். கூட்டினால் துணியை இழுத்து ஸ்குரூவைத் தளர்த்தும், குறைத்தால் துணி தொய்யும். சுற்றிய பிறகு உருளையைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சிறு ஊசி. துணி இரு பக்கமும் மாட்டி, கைகள் இறுகப் பூட்டாமல் அந்த ஊசியை உருவாதீர்கள். எனக்கு வலது கைப் பெருவிரல் நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது.

பூட்டி முடித்ததும் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுவதற்கு முன், பெட்டியை மெல்ல உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று துணி கோணாமல் சுருளுகிறதா என்று பார்க்கட்டும். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை நடுவில் ஊற்றுங்கள். எங்கே போகிறது என்று தண்ணீரே காட்டும்.

மழையைவிடக் காற்று மோசம். இதே துணியில் மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று ஏறத்தாழ 14 கிலோ அழுத்தம் கொடுக்கும். வேகம் இரட்டித்து 80 ஆனால் 28 அல்ல, நாலு மடங்கு, 57 கிலோ. ஆனி, ஆடியில் பின்னேரம் கச்சான் காற்று எழும்பித் துணி படபடக்கத் தொடங்கினால் பெட்டியை உள்ளே தள்ளிவிடுவதுதான் வழி. கொத்து அடித்துக்கொண்டிருக்கிறீர்கள், தள்ள முடியாது என்றால், லொறிப் பட்டி ஒன்றை உருளைக்கு மேலால் போட்டு வண்டியின் அடிச்சட்டத்தில் கட்டுங்கள். 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்ட அம்மா இன்றும் காற்றுச் சத்தம் மாறினால் முற்றத்தில் காயும் துணியை முதலில் எடுப்பார். அவருக்குக் காற்றுவேகக் கணக்குத் தெரியாது.

பராமரிப்பு பெரிதாக இல்லை. கிழமைக்கு ஒரு முறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள். கறைக்குச் சவர்க்காரம் போதும். பளபளப்புக்கு மண்ணெண்ணெய் துடைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், பூச்சு விறைத்து வெடிக்கும். நனைந்தபடி சுருட்ட நேர்ந்தால் அடுத்த வெயிலில் விரித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் கரும்புள்ளி விழும். கிழிசலுக்குச் சைக்கிள் ரியூப் ஒட்டு பிடிக்காது. பீவீசீக்கு உரிய பசையும், மூலை வட்டமாக வெட்டிய அதே துணித் துண்டும் வேண்டும், கூர் மூலை முதலில் உரியும். சீசன் முடிந்து வண்டி சும்மா நின்றால், மறுபடி இழுப்பதற்கு முன் உருளையின் இரு முனையையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். காக்காவின் உருளைக்குள் போன முறை குளவி கூடு கட்டியிருந்தது.