வீட்டில் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி: கையாளும் முறை, பூட்டி வைக்கும் முறை

காட்டை ஒட்டிய தோட்டங்களிலும் பழைய பண்ணை வீடுகளிலும் உரிமத்தோடு இருப்பது பெரும்பாலும் நடுவில் மடியும் 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) இரட்டைக் குழல்தான். அப்பாவின் துப்பாக்கி தன் உரிமத்துக்கு மாறி, முதன்முறையாக அதைத் தொடுபவருக்காக இது. துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே இடத்தில் சேரவே கூடாது. கீழே வருவதெல்லாம் அதற்குத்தான்.

முதலில், காலியா என்று பார்ப்பது

தொடும் முன்பே குழலின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மாடியில் நின்று தரையை நோக்கிப் பிடித்தால், கீழே படுத்திருப்பவரை நோக்கிப் பிடிக்கிறீர்கள். முற்றத்து மண் தரை நல்லது. ஆள்காட்டி விரல் விசை வளையத்துக்கு வெளியே, கட்டையோடு ஒட்டி நீண்டிருக்கட்டும்.

மேலே இருக்கும் லீவரைக் கட்டை விரலால் வலப்பக்கம் தள்ளுங்கள். குழல் மடிந்து இரண்டு துளைகளும் தெரியும். பித்தளை விளிம்பு தெரிந்தால் தோட்டா இருக்கிறது. எடுத்துவிட்டு, இரண்டு துளைக்குள்ளும் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. பலர் தவறுவது இங்கேதான்: ஒரு குழலில் சுட்ட வெற்றுத் தோட்டாவைப் பார்த்ததும் மற்றதும் அப்படித்தான் என்று மூடிவிடுகிறார்கள்.

அடுத்து, பின்பக்கத்திலிருந்து குழல் வழியே வானத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த குழலில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். துடைத்த துணித் துண்டு உள்ளேயே தங்கியிருக்கும். அடைப்போடு சுட்டால் குழல் புடைக்கும், அல்லது பிடித்திருக்கும் கைக்கு அருகிலேயே வெடிக்கும்.

குதிரை (விசையை இழுத்ததும் விழுந்து தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) வெளியே தெரியும் பழைய துப்பாக்கி என்றால், ஏற்றிய குதிரையைத் தோட்டா உள்ளே இருக்கும்போது இறக்கவே கூடாது. எண்ணெய்க் கையில் வழுக்கினால் சுட்டுவிடும். முதலில் குழலைத் திறந்து தோட்டாக்களை எடுங்கள், பிறகு குதிரையை இறக்குங்கள்.

சேஃப்டி கேட்சை, அதாவது சுடாமல் தடுக்கும் பொத்தானை, நம்பாதீர்கள். பல துப்பாக்கிகளில் அது விசையை மட்டும்தான் தடுக்கிறது. கீழே விழும் அதிர்ச்சியில் உள்ளே குதிரையைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொருவர் கையில் கொடுக்கும்போதும் குழல் மடிந்தே இருக்க வேண்டும்.

கழற்றித் துடைப்பது

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியே வந்துவிடும். கம்பியில் துணி சுற்றிப் பின்பக்கத்திலிருந்து வாய் நோக்கித் தள்ளி, கடைசியில் எண்ணெய் தொட்ட துணியால் மெல்லியதாக ஒரு பூச்சு. வியர்வைக் கை பட்ட இடத்தில் ரேகை அப்படியே துருவாகப் பதியும், அதனால் வெளிப்புறத்தையும் துடைத்த பிறகு இரும்பைத் தொட வேண்டாம். கடலோர ஊர்களில் இதை மாதம் ஒருமுறை செய்தால் நல்லது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயக் கறை கையில் ஒட்டியிருக்கும்.

பூட்டி வைப்பது

பீரோவின் மேல்தட்டு, மெத்தைக்கு அடி, புடவை மடிப்புக்கு நடுவே... இவை எதுவும் பாதுகாப்பு அல்ல. வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரியாத ஒளிவிடம் எந்த வீட்டிலும் இல்லை. இரும்புப் பெட்டியை உள்ளிருந்து போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்குங்கள், இல்லாவிட்டால் பெட்டியோடு தூக்கிப் போய்விடுவார்கள். குழலும் பின்கட்டையும் கழற்றியபடியே உள்ளே போகட்டும். தோல் உறை, துணி உறை வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்துத் துரு ஏற்றும். குழலின் வாயைக் கீழே பார்த்து நிறுத்தினால் எண்ணெய் மரத்துக்குள் இறங்காது.

தோட்டாக்களுக்கு வேறு அறையில் வேறு பூட்டு. இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்கினால் இரண்டு பூட்டு போட்டதில் பயனில்லை. வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே, அடுப்புச் சூடு படாத உலர்ந்த இடத்தில் வைத்து, எண்ணிக்கையை நோட்டில் குறித்து வாருங்கள். ஒன்று குறைந்தாலும் அன்றே தெரிய வேண்டும். ஈரத்தில் உப்பிய தோட்டாவை அழுத்தித் திணிக்காமல், குப்பையில் போடாமல், உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் என்ன செய்வதென்று கேளுங்கள்.

அளவில் சிறிய 20 போர் தோட்டா ஒன்றுகூட அந்தப் பெட்டியில் கலக்கக் கூடாது. அது 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று கண்ணுக்குத் தெரியாமல் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர் போட்டுச் சுட்டால் குழலே கிழியும்.

வெடிக்காமல் போனால்

உடனே திறக்காதீர்கள். தாமதமாக வெடிக்கலாம். வாயை ஆளில்லாத பக்கம் வைத்தபடி ஒரு நிமிடம் அசையாமல் நின்று, பிறகு திறங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டாலும் நிறுத்திவிட்டுக் குழலைப் பாருங்கள், உள்ளே அடைப்பு தங்கியிருக்கலாம்.

வீட்டைவிட்டு வெளியே வைக்க வேண்டிய நேரம்

வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருந்தாலோ, குடித்துவிட்டுச் சண்டை நடந்தாலோ பூட்டு போதாது. ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னாலும், கொடுக்கும் முன் காலி என்று அதிகாரி கண்ணெதிரே திறந்து காட்டி, வரிசை எண் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது, இடையில் எத்தனை கை மாறியதோ, வாயை மண் பக்கம் வைத்து லீவரைத் தள்ளி, இரண்டு துளையிலும் மறுபடி சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள்.